கையெழுத்துப் போட்ட தாள்

2022 கடைசியில் குலசேகரத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுக்கும் வேலை. முதல் வாரமே ஒரு கட்டுத் தாளை நீட்டினார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யச் சம்மதம் என்ற தாளும் அதில் இருந்தது. அங்கே அதை ஆப்ட் அவுட் என்பார்கள்.

காலை 7 மணிக்கு முதல் வீடு, கடைசி வீடு முடிய இரவு 10. நடுவில் அரை மணி, முக்கால் மணியாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும் நேரம் கணக்கில் வராது. சம்பளச் சீட்டில் ஒன்பது மணி நேரம் இருக்கும். நான் வெளியே இருந்தது பதினைந்து மணி நேரம்.

ஒரு ஞாயிறு இரவு, ஒரு பாட்டிக்குக் காலை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இது ராத்திரி மாத்திரை இல்லையே என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்குக் கண் மங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அப்பா முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். போனில் சொன்னதும், "மக்களே, மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டுவோம், தெனமும் வெட்டினா பால் வத்திரும்லா" என்றார்.

அதற்கப்புறம்தான் 1998ஆம் ஆண்டு வேலை நேர விதிகளைத் தேடிப் படித்தேன். 48 மணி என்பது பொதுவாக 17 வாரச் சராசரி. அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது. போட்டிருந்தாலும் எழுத்தில் சொல்லித் திரும்பப் பெறலாம். குறைந்தது ஏழு நாள், ஒப்பந்தத்தில் இருந்தால் அதிகபட்சம் மூன்று மாத முன்னறிவிப்பு. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தாள் 48 மணி வரம்பை மட்டும்தான் தளர்த்தும். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு அப்படியே இருக்கிறது. குறைந்தால் ஈடாக வேறு நேரம் ஓய்வு தர வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒன்பதுதான். வீட்டுக்கு வீடு போகும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கு உண்டு.

தெரிந்தும் கடிதம் கொடுக்க இரண்டு மாதம் ஆனது. விசா பயம். விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, அதாவது ஸ்பான்சர், போனால் வேறு இடம் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் இலவச உதவி எண்ணில் பேசிய பிறகுதான் தைரியம் வந்தது. இப்போது இரவு 8 மணிக்கு முடித்துவிடுகிறேன்.

இப்போது லீவில் குலசேகரம் வீட்டில் இருக்கிறேன். அதே வேலையில் அங்கே இருக்கும் திருவட்டாறு சித்தி மகள் நேற்றுத் தன் தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான்காவது பக்கத்தில் அதே தாள், அவள் கையெழுத்தோடு. இன்று அவள் கடைசி வீடு முடிந்ததும் போனில் சேர்ந்து கடிதம் எழுதப் போகிறோம். அங்கே இரவு 10 என்றால் இங்கே அதிகாலை மூன்றரை. அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பும் நேரம்.