டூப்ளிகேட் ஹேண்டில்பார்

ஊட்டியில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவனுக்கு டூப்ளிகேட் சாமான் ஒன்றும் புதிதல்ல. கோயம்புத்தூரிலிருந்து மலையேற வரும் பையன்களின் ஜெர்சி, கிளவுஸ், கண்ணாடியெல்லாம் முக்கால்வாசி ஃபர்ஸ்ட் காப்பிதான். அதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. ஒரிஜினல் ஜெர்சி விலைக்கு அவன் எப்படியும் வாங்கியிருக்கப் போவதில்லை. இது முழு நியாயம் இல்லைதான், ஆனால் துணிக்காகச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஹேண்டில்பார், வீல், ஹெல்மெட் என்று வந்தால் கதை வேறு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இறக்கம் முழுக்க பிரேக்கில் கை இருக்கும். ரிம் பிரேக் வண்டியில் அந்தச் சூடெல்லாம் ரிம்மில்தான் ஏறும். கார்பன் என்பது பிசின் போட்டு இறுக்கிய கார்பன் இழை; மட்டமான பிசின் போட்ட கார்பன் ரிம் என்றால் இளகிவிடும்.

ஒரு கல்லூரிப் பையன் பெரிய கம்பெனி பெயர் போட்ட கார்பன் ஹேண்டில்பார் கொண்டுவந்தான். முனை மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். சுவரெல்லாம் சுருக்கம், அங்கங்கே பிசின் கட்டி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் துணுக்கு. வைத்த அளவு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கினால், அது ‘டிக்’ என்பதற்குள் பார் ‘கிரீச்’ என்றது. நிறுத்திவிட்டேன்.

“சும்மா மாட்டிக் குடுங்கண்ணா, உடைஞ்சா என் பொறுப்பு.”

“பொறுப்பு எடுத்துக்க நீ இருக்கணுமே தம்பி.”

டூப்ளிகேட் என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான். அவனை யாரும் ஏமாற்றவில்லை. என் காசு, என் தலை என்பான், சரி. ஆனால் அலுத்துப்போனதும் வண்டியை விற்பானே? வாங்குகிறவன் அந்தப் பெயரை நம்பித்தானே காசு கொடுப்பான்? பெயரே போடாத மலிவு அலுமினிய பார் என்றால் தாராளமாக மாட்டித் தருகிறேன். அது தன்னை வேறொன்று என்று சொல்லிக்கொள்வதில்லை.

சைக்கிள் வாடகைக்கு விடுகிற நண்பர் ஒருவர் பிராண்டு பெயர் போட்ட போலி ஹெல்மெட்டை மொத்தமாக எடுக்கலாமா என்று கேட்டார். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில், விற்பவனோடு வாடகைக்கு விடுபவனும் மாட்டுவான்; குறைந்தது 6 மாதம் சிறை. தனக்கென்று வாங்கிப் போட்டுக்கொள்பவனை அந்தப் பிரிவு தொடுவதில்லை. சட்டம் சரியான இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது என்பது என் கட்சி. நண்பர் பெயரில்லாத, ஆனால் சோதனை முத்திரை உள்ள ஹெல்மெட்டுக்கு மாறினார். அந்த முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள் என்பது தனித் தலைவலி.

பையன் அலுமினிய பாரோடு போனான். இப்போதெல்லாம் போலி பாரை என் கண்ணெதிரே ரம்பத்தால் அறுக்கச் சம்மதித்தால் வேறு பார் மாட்டக் கூலி வாங்குவதில்லை. பாதிப்பேர் ஒத்துக்கொள்கிறார்கள்; மீதிப்பேர் வீட்டில் சும்மா கிடக்கட்டும் என்று எடுத்துப் போகிறார்கள்.