ஜெர்மனியில் முதல் வாரங்கள்: முகவரிப் பதிவில் தொடங்குங்கள்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் மாணவர்கள் அறை வாடகையை விசாரிக்கும் அளவுக்கு, அங்கே முகவரி பதிய முடியுமா என்பதை விசாரிப்பதில்லை. பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் காரணம்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். பாஸ்போர்ட், விசா, படிவம் ஆகியவற்றோடு, நீங்கள் அங்கே குடிவந்ததை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. குறுகிய கால வாடகை அறைகளில் இந்தக் கடிதம் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, பதிவுக்குக் கடிதம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

அடுத்து தபால் பெட்டி. சின்ன விஷயம்தான், ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடிதத்தில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் தபால்காரர் அதை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். 11 இலக்க வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, பெரும்பாலும் வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் தபாலில்தான் வரும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், ஓரிடத்தில் இனிஷியலோடும் இன்னோரிடத்தில் அப்பா பெயரை விரித்தும் எழுதுகிறோம். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அதே பெயரைத் தாளில் அச்சடித்து, பெட்டியிலும் அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் ஒட்டுங்கள். வரி எண் கடிதம் தொலைந்தால் மறுபடி கேட்கலாம். ஆனால் அதுவும் தபாலில்தான் வரும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ கிடந்தாலும் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் பொதுவாக ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்கி, அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான். அதுவரை தாக்குப்பிடிக்கத் தனியாகப் பணம் கொண்டுபோங்கள். அட்வான்ஸாக, வெப்பம், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்கலாம். ஆனால் அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்” என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது மோசடி.

மருத்துவக் காப்பீட்டில் அவசரம் வேண்டாம். 30 வயதுக்குட்பட்டவர்கள் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதே என்று அதிலிருந்து விலக்கு வாங்கித் தனியாருக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும்வரை விலக்கை ரத்து செய்ய முடியாது. ஊரில் எடுத்த பயணக் காப்பீடு பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது.

பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் அனுமதி உண்டு. நான்கு மணி நேரம் வரை அரை நாள். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் சமூகக் காப்பீட்டில் மாணவருக்கான சலுகை போய்விடும். வரி எண் கொடுக்காமலே வேலையைத் தொடர்ந்தால், முதலாளி சம்பளத்தில் 6ஆம் வரி வகுப்பின்படி வரி பிடிக்க நேரிடும். அதுதான் இருப்பதிலேயே அதிகம்.

முகவரியைப் பதிவு செய்ததும், பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். பகிர்ந்த வீட்டில் யாராவது ஏற்கெனவே கட்டினால், அவருடைய கணக்கு எண்ணைத் தெரிவித்தால் போதும்.

வதிவிட அனுமதிக்கான விண்ணப்பம், விசாவின் கடைசித் தேதிக்கு முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், முடிவு வர மாதங்கள் ஆனாலும் தங்கும் உரிமை தொடரும். விண்ணப்பித்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வேலை தருபவரும் வங்கியும் அதைக் கேட்கலாம்.