ஒன்பதாம் பக்கம்

சிங்கப்பூரில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் பதினெட்டு வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். சிறு வியாபாரிகளுக்கு அக்ராவில் (தொழில்களையும் கம்பெனிகளையும் பதிகிற அரசு அமைப்பு) பெயர் பதிந்து கொடுப்பது, ஆண்டறிக்கை போடுவது, கணக்கு எழுதுவது, வரிக் கடிதம் வந்தால் பிரித்துப் படித்துச் சொல்வது. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில்தான் பேசுவார்கள், மேசைமேல் வைக்கிற காகிதம் மட்டும் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். அப்படி உட்கார்ந்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

யீஷூனிலிருந்து ஒரு அக்கா வருவார். வீட்டில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் செய்து தீபாவளிக்கு விற்று ஆரம்பித்தவர். வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், இப்படிச் சிறிய அளவில் தொழில் செய்ய இங்கே தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டும் வேலை பார்க்க வேண்டும், வெளியே போர்டு மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது, அவ்வளவுதான். நான் பார்த்த சிறுதொழில் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரு பெண் யாரிடமும் போய் நிற்காமல், ஒரு படிவம்கூட நிரப்பாமல், தன் அடுப்பிலிருந்தே சம்பாதிக்கத் தொடங்க இது இடம் கொடுக்கிறது. அப்புறம் ஆர்டர் கூடியது. தனியாள் வணிகமாக அவர் பெயரைப் பதிந்து கொடுத்தேன். பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வருடப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்டலாம் என்று சொன்னதற்கு, "ஒரு வருஷத்துக்கு மட்டும் போடு தம்பி, நடக்குதான்னு பார்ப்போம்" என்றார்.

நடந்தது. 2018-இல் கல்யாண ஆர்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் சமையல் இடம் பார்த்தார். ஆவியில் வேகவைக்கும் பெரிய அடுப்பு, குளிர்சாதன அறை, ஒரு பழைய வேன், எல்லாம் சேர்த்து 60,000 வெள்ளி தேவைப்பட்டது. இரண்டு வங்கிகள் கையை விரித்தன. கடைசியில் ஒரு தனியார் கடன் நிறுவனம் சரி என்றது, ஆனால் தனியாள் பெயரில் தரமாட்டோம், பிரைவேட் லிமிடெட் ஆக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

என்னிடம்தான் வந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன், அரசுக் கட்டணம் 315 வெள்ளி. அப்போது அவரிடம் ஒன்று சொன்னேன், அதுவரை நூற்றுக்கணக்கான பேரிடம் சொல்லியிருந்த அதே வார்த்தை: "இனிமே கம்பெனி வேற, நீங்க வேற அக்கா. கம்பெனிக்கு நஷ்டம் வந்தாலும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வராது." பாடப்புத்தகப்படி இது சரி. லிமிடெட் என்ற சொல்லின் பொருளே அதுதான்.

அடுத்த வாரம் கடன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். பதினொரு பக்கம். கம்பெனிப் பெயர், பதிவு எண், தொகை, தவணைத் தேதி எல்லாம் பார்த்தேன், ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தச் சொன்னேன். கையெழுத்துப் போடும் இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். அவர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமோ என்று முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். புதிதாகச் செய்த ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்தினார். கம்பெனி முத்திரை வேண்டும் என்ற சட்டத்தை 2017-லேயே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்த ஸ்டாம்ப் அவருக்கு வேண்டியிருந்தது. தன் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு அதுதானே அத்தாட்சி. எட்டாம் பக்கத்தில் இயக்குநராக ஒரு கையெழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு ஸ்டாம்ப் கிடையாது, அடையாள அட்டை எண் மட்டும்.

அந்த ஒன்பதாம் பக்கம்தான் ஜாமீன். கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன், எல்லாவற்றையும், என் சொந்தப் பொறுப்பில் என்று அவர் எழுதிக் கொடுப்பது. கம்பெனி வேறு நீங்கள் வேறு என்று நான் சொன்னதை அந்த ஒரு பக்கம் அழித்துவிட்டது. எனக்கு அது என்னவென்று தெரியும். வங்கிகளும் சிறு கம்பெனிகளிடம் பெரும்பாலும் அதைக் கேட்கத்தான் செய்கின்றன, எல்லாரும் போடுகிற கையெழுத்துதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. மஞ்சள் தாள் இருந்த இடத்தில் போட்டார்.

இங்கேதான் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்துவதில் சிங்கப்பூர் உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறது. 2008-இல் கடன் கொடுப்போர் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். 2015 அக்டோபரிலிருந்து உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. தாமதமானால் மாதம் 60 வெள்ளிக்கு மேல் அபராதம் போட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வட்டி, அபராதம், கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய முதலுக்கு மேல் போகக்கூடாது. ஆயிரம் வாங்கினால் அதற்கு மேல் இன்னொரு ஆயிரம், அதோடு நிற்க வேண்டும். கடன் குட்டி போட்டுக் குடும்பத்தையே விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். அதோடு, கையெழுத்துக்கு முன்னால் நிபந்தனைகளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதும் சட்டம். தமிழ்தான் புரியும் என்றால் தமிழில்.

ஆனால் கம்பெனிகளுக்கு மட்டுமே கடன் கொடுக்கிற நிறுவனத்துக்கு இந்த உரிமமே தேவையில்லை. உரிமம் இல்லையென்றால் உரிமத்தோடு வருகிற உச்சவரம்பும் இல்லை, மொழி விளக்கமும் இல்லை. இது ஏமாற்று அல்ல, சட்டமே அப்படித்தான். கம்பெனி என்றால் கணக்காளர் இருப்பார், வழக்கறிஞர் இருப்பார், பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் எழுதியது. யீஷூன் அக்காவின் கம்பெனியில் அவர் மட்டும்தான் இருந்தார். ஒரு மாதம் முன்னால் தனியாளாக, உரிமம் பெற்ற இடத்தில் கொஞ்சமாகக் கடன் வாங்கியிருந்தால் அவருக்குத் தமிழில் சொல்லியிருப்பார்கள். நான் 315 வெள்ளி கட்டிப் பதிந்து கொடுத்த கம்பெனி அவரை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியது. இது எனக்கு உறைக்க வருடங்கள் ஆயின.

உறைத்தது எப்படி என்றால், அவருடைய தங்கை மூலமாக. தங்கை மன்னார்குடியில், மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடன் அட்டையைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியிருந்தார், தவணை சரியாகக் கழிக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி. அக்கா என்னிடம் காட்டினார். அட்டை முழுவதும் தமிழ். வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மீதி எவ்வளவு. இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளில், கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் கடன்தான் நுண்கடன், மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்திருந்தால் கடன் வசூல் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் தனிச் சட்டமே போட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. தங்கையின் 40,000 ரூபாய்க்குத் தமிழில் ஒரு அட்டை இருந்தது. அக்காவின் 60,000 வெள்ளிக்குப் பதினொரு பக்க ஆங்கிலம், கூடவே பேசாமல் உட்கார்ந்திருந்த நான்.

2020 ஏப்ரலில் கொரோனாவால் எல்லாம் நின்றது. கல்யாணம் இல்லை, கோயில் அன்னதானம் இல்லை, அலுவலக விருந்து இல்லை. அந்த மாதமே நாடாளுமன்றம் தற்காலிக நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது, வேகமாகவும் அக்கறையோடும் செய்த வேலை அது. தனிநபரைத் திவாலாக்குவதற்கான கடன் வரம்பை ஆறு மாதத்துக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆக்கினார்கள். ஆனால் கடன் ஒப்பந்தங்களுக்கான நிவாரணம், வங்கியோ நிதி நிறுவனமோ கட்டடத்தையும் இயந்திரத்தையும் அடமானம் பிடித்துச் சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனுக்குத்தான். அக்காவின் கடன் வங்கிக் கடனும் இல்லை, அடமானக் கடனும் இல்லை. நான் அந்தச் சட்டத்தின் அட்டவணையை இரவு உட்கார்ந்து மூன்று முறை படித்தேன், எங்காவது ஒரு வரி அவருக்கு இடம் கொடுக்காதா என்று. கொடுக்கவில்லை.

2021 ஜனவரியில் எளிமையாக்கப்பட்ட நொடிப்புத் திட்டம் வந்தது. 2 மில்லியன் வெள்ளிக்குள் கடன், ஐம்பது பேருக்குள் கடன் கொடுத்தவர்கள், முப்பது பேருக்குள் ஊழியர்கள் என்றால் நீதிமன்றப் படி ஏறாமலே கம்பெனியை மூடலாம் என்று அப்போது இருந்தது. நல்ல சீர்திருத்தம், அதற்கு முன்னால் கம்பெனியை மூடுவதற்கே காசில்லாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அக்காவின் கம்பெனி அப்படித்தான் மூடப்பட்டது. அடுப்பும் வேனும் போயின. மீதி 41,000 வெள்ளி ஒன்பதாம் பக்கத்தின் வழியாக அவர் வீட்டுக்கு வந்தது. அதற்குள் திவால் வரம்பு மறுபடியும் 15,000 ஆகியிருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தவர் கோபப்படவில்லை. "கம்பெனி வேற, நான் வேறன்னு நீதானே தம்பி சொன்னே" என்று மட்டும் கேட்டார். நான் அன்றுதான் ஒன்பதாம் பக்கத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. மூன்று வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய அரை மணி நேரம்.

அப்புறம் அவரோடு நானும் போய்ப் பேசினேன், நான்கு முறை. கடைசியில் 32,000 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டார்கள், மாதம் 800 வெள்ளி, நாற்பது தவணை. அவர் மறுபடியும் வீட்டு அடுப்புக்கே திரும்பினார், தனியாள் வணிகமாகப் பதிந்தோம், ஒரு வருடத்துக்கு. ஒவ்வொரு வருடமும் ஒரு வருடத்துக்குத்தான் புதுப்பித்தார்.

சட்டம் சின்னவர்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயத்தைப் பாருங்கள். வழக்கறிஞர் வைக்க அனுமதியே கிடையாது, இரண்டு பேரும் தாங்களே பேச வேண்டும், முதலில் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவார்கள். 2019 நவம்பரில் வரம்பை 10,000 வெள்ளியிலிருந்து 20,000 ஆக்கி, வழக்குப் போடும் கால அவகாசத்தையும் ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமாக நீட்டினார்கள். விருந்துச் சாப்பாட்டுக்கு 3,800 வெள்ளி பாக்கி வைத்தவரிடமிருந்து அக்கா அங்கே போய்த்தான் வாங்கினார், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு. வெளியே வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. ஒரு நீதிமன்ற அறைக்குள் தன் வாயால் தன் கணக்கைச் சொல்லிவிட்டு வந்தவர் முகம்.

என் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்த இடமான கிட்டங்கியில் கடன் வாங்கிப் பலசரக்குக் கடை நடத்தியவர். வட்டி குறைவென்று அவர் சொன்னதே இல்லை, வசூல் கறார் என்பார். ஆனால் பெட்டியடியில் உட்கார்ந்து என்ன பேசினோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும் என்பார், தமிழில் பேசியதால். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புரிதல் மட்டும் வேண்டும்.

2025 ஜூனிலிருந்து எங்கள் தொழிலுக்கே புதுச் சட்டம். நிறுவனச் சேவை வழங்குகிற எல்லாரும் பதிந்தே ஆக வேண்டும், வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தே ஆக வேண்டும், தவறினால் பெரிய அபராதம். கள்ளப்பணத்தைத் தடுக்க அது தேவைதான், நான் ஒழுங்காகச் செய்கிறேன். ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தான் போடப்போகும் கையெழுத்து என்னவென்று புரிந்ததா என்று கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு ஆசை ஒன்றுதான். ஒரே ஆள் நடத்துகிற கம்பெனிக்குக் கடன் கொடுத்து ஜாமீன் வாங்கினால், அந்த ஜாமீன் பக்கத்தை மட்டுமாவது நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றில் அவருக்கு விளக்க வேண்டும், விளக்கிய நாளுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று நாளாவது விட வேண்டும். உரிமம் பெற்றவர்களிடம் ஆயிரம் வெள்ளி வாங்கும் தனிநபருக்கு மொழி உரிமை இருக்கும்போது, அறுபதாயிரத்துக்குத் தன் சொந்தப் பணத்தையே பணயம் வைப்பவருக்கு ஏன் இருக்கக்கூடாது?

சட்டம் வரும்வரை நான் செய்கிறேன். பிரைவேட் லிமிடெட் பதிய வருகிற ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். கடனுக்காகத்தான் கம்பெனியா என்று முதலிலேயே கேட்கிறேன். ஆமாம் என்றால் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். சிலர் வேண்டாம் என்று திரும்பிப் போயிருக்கிறார்கள், எனக்கு அந்தக் கட்டணம் போனது, பரவாயில்லை.

போன வருடம் ஜூனில் நாற்பதாவது தவணை முடிந்தது. அடுத்த மாதம் அக்கா பதிவைப் புதுப்பிக்க வந்தார், ஒரு டப்பா அதிரசத்தோடு. வழக்கம்போல ஒரு வருடம் என்று நினைத்து 30 வெள்ளிக் கட்டணத்தைத் திரையில் எடுத்தேன். டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, "மூணு வருஷத்துக்குன்னா எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். 90 வெள்ளி என்றேன்.

"அதையே போடு."