கயிறு வெளியே தெரியுதா?

2024 ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோர் போனிலும் ஒரே படம். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகேச், ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஏர் பிஸ்டலை நீட்டி நிற்கும் படம். ஜூலை 30ஆம் தேதி நடந்த அதே கலப்பு அணிப் போட்டியில்தான் நம்முடைய மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு அதில் பெருமைதான். ஆனாலும் மனசில் ஒட்டிக்கொண்டது துருக்கிக்காரர்.

"ஒண்ணுமே போடாம வந்து நின்னு வெள்ளி வாங்கிட்டாருங்க சார். நமக்கு மட்டும் எதுக்குங்க இத்தனை சாமான்?" என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

அவன் போனையே வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, அந்த மனிதரின் காதைக் காட்டினேன். காதுக்குள் அடைப்பான் இருந்தது. "இது என்ன கண்ணு?" என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதை யாருமே சொல்லலைங்களே சார்" என்றான்.

அவர் போடாமல் விட்டவை, ஒரு கண்ணை மறைக்கும் தட்டும் குறி பார்ப்பதற்கான தனி லென்ஸும். இரண்டும் நன்றாகச் சுடுவதற்கு உதவுபவை. விருப்பம் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். பாக்கெட்டில் கை விடுவதும் பிஸ்டல்காரர்கள் பலர் செய்வதுதான், உடம்பு ஆடாமல் நிற்பதற்காக. காது அடைப்பான் அந்தக் கணக்கில் சேராது. அதை ஒலிம்பிக் பதக்கக்காரரும் கழற்றவில்லை.

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் முனைப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலை மறைத்துக்கொள்ளும். அந்த வயதில் கொஞ்சம் பஞ்சை வைத்துக்கொண்டு, சில நாள் அதுவும் இல்லாமல், சுட்டுத் தள்ளியிருக்கிறேன். இப்போது ராத்திரி வீடு அடங்கியதும் அந்தக் காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் காதை அப்படிக் கெடுக்காது. ஆனால் இன்றைக்குப் பத்து மீட்டரில் நிற்கிற பிள்ளை இரண்டு வருடத்தில் இருபத்தைந்து மீட்டர் பிஸ்டலுக்கோ, 'ட்வெல்வ் போர்' (12 bore) துப்பாக்கியோடு, பறக்கும் தட்டைச் சுடுகிற ட்ராப்புக்கோ போகும். அங்கே போய்ப் பழகட்டும் என்று விட எனக்கு மனசு வராது. பத்து மீட்டரிலேயே மாட்டச் சொல்கிறேன்.

அந்தப் பையனிடம் அன்றைக்குச் சொல்ல நினைத்து விட்டுப்போனது இன்னொரு சாமானைப் பற்றி. அந்தப் படத்தில் அது இருக்காது, ஏனென்றால் அவர் அப்போது சுட்டுக்கொண்டிருக்கிறார். சுடாத நேரத்தில் அவர் பிஸ்டலுக்குள்ளும் அது இருந்தாக வேண்டும். சேஃப்டி ஃப்ளாக் என்பார்கள். எங்கள் ரேஞ்சில் வெறும் 'கயிறு'.

பார்த்தால் ஒன்றுமே இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு நைலான் கயிறு. ஏர் ரைஃபிளில் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, போடும் வாயில் நுழைத்துத் தள்ளினால் குழல் முழுக்க ஓடி முனையில் வெளியே வரும். இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி. பெல்லட்டின் அகலம் 4.5 மில்லிமீட்டர், குழலின் உள்ளளவும் அதுவே. வழியில் பெல்லட் ஒன்று உட்கார்ந்திருந்தால் கயிறு முட்டி நிற்கும், முனையில் எட்டிப் பார்க்காது. சர்வதேச விதி காற்றுத் துப்பாக்கிக்கு மட்டும், கயிறு குழலின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பெல்லட் வாயில் மட்டும் செருகி வைக்கும் குட்டைத் துண்டு எதையும் காட்டாது. அதற்கு முன்னால் பெல்லட் இருந்தாலும் அது பாட்டுக்கு அழகாக உட்கார்ந்திருக்கும்.

2013ல் நான் இந்த ரேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது இதை எல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் ஃபயரிங் முடிந்தால் 'ஜாஞ்ச் சஸ்த்ர' என்று ஒரு கட்டளை வரும். ஒவ்வொருவன் துப்பாக்கியையும் திறந்து காட்டச் சொல்லி, காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அந்தப் பழக்கம் எனக்குள் ஊறியிருந்தது. ஆனால் அது 'உண்மையான' துப்பாக்கிக்கு என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அரை கிராம் ஈயத்தைக் காற்று தள்ளுகிறது, இதற்குப் போய் இவ்வளவா என்று நினைத்தேன். அந்த அரை கிராம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். விசையோ ராணுவ ரைஃபிள் போல இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஏர் பிஸ்டலுக்காவது விசை 500 கிராமாவது தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. நல்ல ரைஃபிளில் விரல் நுனி பட்டதும் விடுபடும்.

2016ல் ஒரு சனிக்கிழமை மாலை. எட்டு லேனிலும் பிள்ளைகள். நேரம் முடிந்து 'ஸ்டாப்', 'அன்லோட்' இரண்டும் சொல்லியாயிற்று. ஐந்தாவது லேனில் பேப்பர் டார்கெட்டை இழுத்து வரும் கம்பி பாதி வழியில் சிக்கிக்கொண்டிருந்தது. வரிசையை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். எல்லா ரைஃபிளும் மேசை மேல் படுத்திருந்தன, பிள்ளைகள் பின்னால் தள்ளி நின்றார்கள். "லைன் கிளியர்" என்று நானே சொல்லிவிட்டு, நானே சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி டார்கெட் பக்கம் நடந்தேன்.

இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். முன்னால் தரையில் ஓடு தெறித்து, ஏதோ ஒன்று பக்கச் சுவரில் மோதி விழுந்தது.

ஏழாவது லேன் பையனின் அப்பா. மகனுக்கு உதவியாக ரைஃபிளைப் பெட்டிக்குள் வைக்க வந்தவர். இழுத்த நிலையிலேயே வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று, வைப்பதற்கு முன் ஒரு தடவை விசையை அமுக்கி விட்டிருக்கிறார். பையன் பெல்லட்டைப் போட்டு நெம்புகோலை மூடிய அதே நொடியில் நான் 'ஸ்டாப்' சொல்லியிருக்கிறேன். சுட்டால் தப்பு என்று அவனுக்குத் தெரியும், அதனால் சுடவில்லை. உள்ளே ஒன்று இருக்கிறது என்று கையை உயர்த்திச் சொல்லவும் இல்லை. கயிறும் போடவில்லை. பதினான்கு வயது. மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

"காலியாத்தானுங்க இருந்துச்சு... காலியாத்தானுங்க இருந்துச்சு" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். கை நடுங்கியது. கீழே குனிந்து அந்த பெல்லட்டை எடுத்தேன். தட்டையாகி, தோல் உரித்த உளுந்து மாதிரி இருந்தது. இன்னும் வெதுவெதுப்பு இருந்ததாக என் விரல் நினைக்கிறது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பையன் மேலும் இல்லை. 'லைன் கிளியர்' என்று சொன்ன வாய் என்னுடையது. எட்டு ரைஃபிளில் ஒன்றில் ஆரஞ்சு நிறம் தெரியவில்லை என்பதை என் கண் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தேடவும் இல்லை. பட்டாளத்தில் எந்த ஹவில்தாராவது இப்படிச் செய்திருந்தால் நானே விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன், நடந்ததை நடந்தபடி. நான் தாண்டியிருந்த இடத்தையும் ஓடு உடைந்த இடத்தையும் அளந்து எழுதினேன். ஒரு மீட்டருக்கும் குறைவு.

அதற்குப் பிறகு நான் கண்ணை நம்புவதில்லை. ஸ்டாப் சொன்னதும் ஒன்றாம் லேனில் ஆரம்பித்து எட்டு வரை நடப்பேன். ஒவ்வொரு ரைஃபிளின் முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கயிற்றின் நுனியை விரலால் தொடுவேன். எட்டும் தொட்டாயிற்று என்றால்தான் 'லைன் கிளியர்'. அதுவரை எவரும் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு முன்னால் ஆள் இருக்கும்வரை எவரும் ரைஃபிளைத் தொடவும் கூடாது. கயிறு போட்டிருந்தாலும், கண்ணாடியைத் துடைப்பதற்கு என்றாலும் கூடாது. மொத்தமாக ஒரு நிமிடம் பிடிக்கும். பெல்லட் போட்ட பிறகு ஸ்டாப் வந்துவிட்டால் கையை உயர்த்தி "உள்ளே இருக்குதுங்க சார்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பிள்ளையை நான் திட்டியதே இல்லை. திட்டினால் அடுத்த தடவை மறைக்கும்.

இந்த ஒரு நிமிடத்துக்காக வெளியூர்ப் போட்டிகளில் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஒரு போட்டியில் வேலை பார்க்கப் போயிருந்தபோது, டீடெயில் (ஒரே நேரத்தில் சுடும் குழு) எல்லாம் தாமதமாகிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்று மேலிருந்து ஆள் மேல் ஆள் விட்டார்கள். நான் நடப்பதை நிறுத்தவில்லை. அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை.

அதைவிட வருத்தமான ஒன்று, ஒரு சிலிண்டர் விஷயம். இன்றைய ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் எல்லாவற்றிலும் குழலுக்குக் கீழே ஒரு காற்றுச் சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் வரை காற்று அடைப்பார்கள். நம் கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் சொச்சம். இது அதைப் போலத் தொண்ணூறு மடங்கு. சுடுகிறவர் கன்னத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் அது இருக்கிறது. சிலிண்டரின் உடம்பிலேயே தேதி பொறித்திருப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் போனால் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. தேதிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு.

ஒரு பெண் பிள்ளை. அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்து, வெளியூரில் ஒருவர் பயன்படுத்திய ஜெர்மன் ரைஃபிளை வாங்கிக் கொடுத்திருந்தார். ஓர் அப்பா மகளுக்காக இதைவிட என்ன செய்ய முடியும்? முதல் நாள் கொண்டுவந்தபோது பிள்ளை அதைத் துணியால் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். நான் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். பதினோரு வருடம் ஆகியிருந்தது. விற்றவர் சொல்லவில்லை. இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

"காத்து ஒழுகலைங்க சார். நேத்து ராத்திரி அடிச்சது இப்ப வரைக்கும் அப்படியே நிக்குது பாருங்க" என்று அப்பா மீட்டரைக் காட்டினார். நின்றது உண்மைதான். ஒழுகாத சிலிண்டர் வெடிக்காது என்று அர்த்தம் இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முறை காற்றை ஏற்றி இறக்கும்போதும் உலோகம் கொஞ்சம் விரிந்து சுருங்குகிறது, அந்தச் சோர்வு வெளியே தெரியாது என்று சொன்னேன். அவர் தறியில் ஓடி ஓடித் தேய்ந்த இரும்புகளைப் பார்த்தவர். "ஷாஃப்ட் இப்படித்தானுங்க, நல்லா ஓடிக்கிட்டே இருந்து திடீர்னு போகும்" என்று அவரே முடித்தார். சிலிண்டரில் இருந்த காற்றை வெளியே விட்டு, அதை மறுபடி யாரும் அடைத்துவிடாதபடி மரையை அறுத்துப் போட்டோம். அறுக்கும்போது பிள்ளை வெளியே போய் நின்றுகொண்டாள். அதே கம்பெனியின் சிலிண்டர் ஒன்று ரேஞ்சில் இருந்தது, மூன்று மாதம் அதைப் போட்டுச் சுட்டாள். புதியது அதற்குப் பிறகுதான் வந்தது.

மற்றவை எல்லாம் வீட்டில் அம்மாக்கள் சொல்வது மாதிரியான விஷயங்கள்தான், ஆனால் அவற்றையும் விட மாட்டேன். பெல்லட் ஈயம். விரலில் கரி மாதிரி ஒட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைத் தொடக் கூடாது. டார்கெட் பக்கம் விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது, ஈயத் தூசு கிளம்பும், ஈரத் துணிதான். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ரைஃபிளை இழுக்கும் பழக்கம் சிலருக்கு வெளியே வேட்டைத் துப்பாக்கி பிடித்தவர்களிடமிருந்து வருகிறது. அதை முதல் நாளே நிறுத்திவிடுவேன்.

ஆரஞ்சுக் கயிறு கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும். நாங்கள் வாங்குவது உரக்கடையில், புல் வெட்டும் மிஷினுக்குப் போடுகிற நைலான் சுருள். முக்கால் மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியைத் தீயில் காட்டி உருட்டி விடுவேன், அந்தப் பக்கம் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. மறு நுனியை நேராக வெட்டி விளிம்பைத் தேய்த்துவிடுவேன், குழலின் உள்பக்கம் கீறாமல் இருக்க. வருடம் முழுக்க வியர்வைக் கையில் புழங்கி நிறம் மங்கிவிடும். மங்கிய கயிறு தூரத்திலிருந்து தெரியாது. அதனால் ஒவ்வொரு தை மாதமும் பழையதை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுகிறேன்.

ஏழாவது லேன் பையன் இப்போது கல்லூரி முடித்து வேலையில் இருக்கிறான். சுடுவதை விட்டுவிட்டான். அவன் அப்பா மட்டும் தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார். அவர் சுருளைப் பிடித்துக்கொள்வார், நான் வெட்டுவேன். இந்த வருடம் இருபத்து நாலு துண்டு வெட்டினோம். ஒவ்வொன்றையும் அவரே ஒரு ரைஃபிளில் விட்டுப் பார்த்து, நுனி அந்தப் பக்கம் வந்ததும், "வந்துருச்சுங்க" என்று சொல்லி ஓரமாக வைத்தார்.