கட்டில் காலியாகும் வரை

2024 செப்டம்பர் 26, வியாழன்

காலையில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கூட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துருங்க ஆச்சி" என்றான் தம்பி. எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். குடியை நிறுத்தும் சிகிச்சையில் சேரச் சொல்லி எட்டு வருடமாக நாங்கள் கெஞ்சியும் வராத வார்த்தை. இன்று யாரும் கேட்காமலே வந்தது. எங்களைப் பெற்ற ஆத்தா வளவுக்குள் போய் அழுதார்.

பிள்ளையோடு தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருக்கும் அவன் மனைவிக்குப் போன் செய்தேன். "எப்ப, எங்க சேக்கப் போறீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவன் முதலில் சம்மதிக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். எங்கே சேர்ப்பது, யாரைக் கேட்பது, எதுவும் தெரியாது.

செப்டம்பர் 27, வெள்ளி

14446க்குப் பேசினேன். போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்தும் உதவி எண், கட்டணம் இல்லை. பேசிய பெண் அவசரப்படவில்லை. எவ்வளவு குடிக்கிறார், மாத்திரை ஏதும் போடுகிறாரா, வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அரசு மானியத்தில் நடக்கும் தங்கு சிகிச்சை மையங்களின் எண்களைத் தந்தார். அவற்றில் மதுரையில் ஒரு மையம் ஒத்துவந்தது. ஆனால் கட்டில் இல்லை. "ஒருத்தர் வீட்டுக்குப் போனாத்தான் அடுத்தவருக்கு. தினமும் காலையில ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கம்மா" என்றார்கள்.

செப்டம்பர் 28, சனி

பங்காளி வீட்டு அண்ணன் மூலம் வேறொரு இடத்துக்காரர் பேசினார். "அட்ரஸ் மட்டும் சொல்லுங்க. ராத்திரி வேன்ல நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிருவோம். மூணு மாசம் பாக்க முடியாது." பதிவு எண் கேட்டேன், மழுப்பினார். மருத்துவர் தினமும் வருவாரா என்றேன், போனை வைத்துவிட்டார்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் போதைநோயும் அடங்கும். இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விரும்பி வருகிறவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேரலாம். வராதவரைச் சேர்ப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அது மருத்துவர் பரிசோதித்துச் செய்ய வேண்டியது. வேனும் நாலு ஆளும் அந்த வழி இல்லை. தானாக வருகிறேன் என்ற பிள்ளையைக் கட்டித் தூக்கிப்போனால் அந்த வார்த்தை அவன் வாயில் இன்னொரு முறை வருமா?

செப்டம்பர் 30, திங்கள்

கட்டில் இல்லை. காத்திருக்கும் நாளில் என்ன செய்வதென்று கேட்க காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இன்றிலிருந்தே ஒரு சொட்டு தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லப்போகிறார் என நினைத்தேன். அவர் சொன்னது நேர் எதிர். "வீட்ல வச்சுத் திடீர்னு நிறுத்திராதீங்க."

வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு அது இல்லாமல் இருக்கத் தெரியாது. கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் இல்லாதது கண்ணில் தெரிந்து, புத்தி பேதலித்து, உயிரே போகலாம். அதனால்தான் நிறுத்துவதை மருத்துவமனையில் மருந்தோடு செய்கிறார்கள். நடுக்கத்துக்கான அந்த மாத்திரைகளை இப்போதே கேட்டேன். தரவில்லை. குடியோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடுமாம். சத்துக் குறைவுக்கு வைட்டமின் பி1 எழுதினார். இப்போது குடிப்பதைக் கூட்டாமல், இடைவெளி விடாமல், கட்டில் கிடைக்கும்வரை கொண்டுவரச் சொன்னார். வலிப்பு வந்தால் உடனே 108.

2020 ஊரடங்கில் கடை மூடியபோது, இரண்டாம் நாளே இவனுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டோம். அது ஏன் வந்தது என்று நான்கு வருடம் கழித்து இன்றுதான் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் விடுமுறை. மகாளய அமாவாசையும் இன்றுதான். நேற்று இருட்டியதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குக் கடை கெடையாது ஆச்சி" என்றான். சந்துக்கடையில் கள்ளத்தனமாக விற்பதைக் குடிக்கவிட எனக்குப் பயம். அவனோடு நானும் போய், கடைக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வாங்கி வந்ததை என்னிடமே கொடுத்தான். எங்கள் அப்பாவின், அப்பச்சியின், பழைய மர பீரோவில் பூட்டினேன்.

அப்பச்சிக்குப் படைக்க வாழை இலை கழுவிக்கொண்டிருந்த ஆத்தா, காலை ஏழு மணிக்கு நான் டம்ளரில் அளந்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டார். "நீயே ஊத்திக் குடுக்குறியா? அதுவும் இந்த நாள்ல?" டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாவிக்கொத்தை நினைவுபடுத்தினேன். ஆத்தா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கொல்லைப் பக்கம் போய், "மொதல்ல கொஞ்சம் சோறு சாப்பிடுய்யா" என்று அவனிடம் சொல்வது கேட்டது.

என் கையால் ஊற்றினேன். எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் வலிப்பு வராமல் பொழுது போனது.

அக்டோபர் 4, வெள்ளி

கட்டில் இல்லை. "நான் போகணுமா ஆச்சி, இப்பக் கொஞ்சம் கொறச்சுட்டேனே" என்கிறான். மனம் மாறப் பார்க்கிறது. இந்தக் காத்திருப்பில் எனக்குப் பெரிய பயம் இதுதான். மையத்துக்குப் போன் போட்டு அவனையே பேசச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவரும் ஒரு காலத்தில் குடித்தவராம், நிறுத்திப் பல வருடம் ஆகிறதாம். அரை மணி நேரம் பேசினார்கள். போனைத் திருப்பித் தந்துவிட்டு, பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டான்.

அக்டோபர் 7, திங்கள்

நேற்று மாலை மையத்திலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள், கட்டில் காலி. கைலி, துண்டு, ஆதார் நகல், ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ரேசரும் போனும் கூடாது.

மதுரைக்குப் பேருந்தில் போனோம். திருப்பத்தூர் தாண்டும்வரை பேசவில்லை. மையத்தில், "சொந்த விருப்பத்துல வர்றீங்களா?" என்று அவனிடம்தான் கேட்டார்கள், என்னிடம் இல்லை. "ஆமா" என்று கையெழுத்துப் போட்டான். முதல் சில நாள் மருந்து, பிறகு ஆலோசனையும் குழுக் கூட்டமும், மொத்தம் ஒரு மாதம். வாரம் ஒரு நாள் வீட்டுக்காரர்களும் வந்து உட்கார வேண்டும். அவன் மனைவி வருகிறேன் என்றிருக்கிறாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஒன்பது மணிக்குக் கை தானாகப் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்திவிட்டது. என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"கட்டிலுக்காம்மா? உங்க தம்பி அதுலதான் படுத்திருக்காரு. ராத்திரி கொஞ்சம் நடுக்கம் இருந்துச்சு, மருந்து குடுத்தோம். இப்பத் தூங்குறாரு."

ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன்.