என் இடம் யாது?

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்குச் செயலாளர் கட்டுரை கேட்டு மூன்று மாதமாகிறது. தருகிறேன், தருகிறேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் ரயிலில் நம் வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. தமிழய்யா போய்விட்டார்.

இறங்க வேண்டிய நிலையத்தில் நான் இறங்கவில்லை. இரண்டு நிலையம் தள்ளி இறங்கி, திரும்பிப் போகும் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். எழுத வேண்டியது இதுதான் என்று அங்கே புரிந்தது. ஐயாவைப் பற்றி எழுதப் போனால் என் அம்மாவின் சாவைப் பற்றி எழுத வேண்டும். அன்று எனக்கு வழிவிட்ட, முகம் தெரியாத மனிதர்களைப் பற்றியும் எழுத வேண்டும். இவற்றைப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

என்னோடு படித்தவர்களுக்கு என் பெயர் மறந்திருக்கலாம். பொத்தியார் என்றால் உடனே தெரியும்.

பத்தாம் வகுப்பு. அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா படுக்கையை விட்டு எழாத காலம் அது. காலையில் அவளை எழுப்பி, முகம் கழுவ வைத்து, ஏதாவது சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்பினால் இரண்டாவது மணி அடித்திருக்கும். இதைப் பள்ளியில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தாமதச் சீட்டை வாங்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடுவேன். முதல் பாடவேளை தமிழ். ஐயாவின் வகுப்புக்குத் தாமதமாக வந்தவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது தூண். அங்கிருந்து கரும்பலகை தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

அன்று புறநானூறு. வழக்கம்போல 1894இல்தான் ஆரம்பித்தார். அந்த ஆண்டு உ.வே.சா. இதை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்திருக்காவிட்டால் நீங்களும் நானும் இன்று இந்த மனிதர்களைச் சந்தித்திருக்க முடியாது என்பார். ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார். அப்புறம் கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளே படையெடுத்து வந்த வருத்தத்தில் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விடத் துணிந்த அரசன். அவன் கண்ணாலும் பார்த்திராத பிசிராந்தையார் என்ற புலவர் பாண்டிய நாட்டிலிருந்து வருவார் என்று காத்திருக்கிறான். கேள்விப்பட்ட பழக்கம்தானே, வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள். ‘செல்வக் காலை நிற்பினும் அல்லற் காலை நில்லலன்’ என்கிறான் அவன். நல்ல காலத்தில் வராமல் இருந்தாலும் இருப்பான், துன்பத்தில் வராமல் இருக்கமாட்டான். அடுத்த பாட்டில், ‘ஒழிக்க, அவற்கு இடமே’ என்கிறான். அவனுக்கு ஓர் இடம் விட்டு வையுங்கள். பிசிராந்தையார் வந்தே விட்டார்.

பொத்தியார் கதை வேறு. அவர் அரசனின் கூடவே இருந்த நண்பர். அவரும் உயிர்விட முன்வந்தபோது, உன் மனைவி பிள்ளை பெற்ற பிறகு வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது அரசன் இல்லை, நடுகல்தான் நின்றது. அந்தக் கல்லைப் பார்த்துக் கேட்கிறார்.

இந்த இடத்தில் ஐயா நிறுத்தினார். ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது.

“தூணோரம் நிற்பவனே, தாமதமாக வந்த பொத்தியார் என்ன கேட்டார்?”

எனக்குப் பாட்டு தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “உள்ளே வரலாமா என்று கேட்டார், ஐயா.”

வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்புவரை கேட்கும்படி சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “அதேதான் கேட்டார். ‘என் இடம் யாது?’ உள்ளே வா” என்றார். நான் உள்ளே போனபோது காது மடல் சுட்டது. அன்றிலிருந்து பள்ளியை விட்டுப் போகும்வரை நான் பொத்தியார். தாமதமாக வருகிறவன். அப்பாவை இழந்த பையனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஐயாவை நான் வெறுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அதன்பிறகு அவர் என்னைத் தூணோரம் நிறுத்தவில்லை என்பதை நான் கவனித்தேன். கதவையொட்டிய கடைசி பெஞ்சின் ஓரம் எனக்காகக் காலியாகவே இருந்ததையும் கவனித்தேன். என் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் இருக்கும் நாட்டில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தொலைபேசி வந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண். நான் அதுவரை பார்த்திராதவர். அவர் சொன்ன விஷயம் ஒரு வரிதான். நான் மூன்று முறை திரும்பக் கேட்டேன், மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார்.

நேரடி விமானம் கிடைக்கவில்லை, நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும். பயணச்சீட்டு சரிபார்க்கும் இடத்தில் எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். நான் நகர்ந்து நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன். மறுபடியும் வந்து கேட்டேன். துக்கத்தில் இருப்பவனுக்கு ஓர் எண் கூட மனதில் நிற்காது என்பதை அவர் எங்கே கற்றாரோ, பேனாவை எடுத்து, என் கையைப் பிடித்து, புறங்கையில் 14 என்று பெரிதாக எழுதிவிட்டார்.

வாயிலில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள். எதிர் வரிசையில் கல்யாணத்துக்குப் போகும் ஒரு பெரிய குடும்பம். குழந்தைகள் ஓடினார்கள், பெரியவர்கள் கைதட்டிப் பாடினார்கள். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு என்று ஐயா நடத்திய இன்னொரு பாட்டு, 194, நினைவுக்கு வந்தது. அதைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார், இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கோபப்படுவார். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. அந்தக் குழந்தைகள் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். முழங்கால் நிற்கவில்லை, கல்மேடையைப் பிடித்துக்கொண்டேன். துடைப்பத்தோடு ஒருவர் உள்ளே நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த மஞ்சள் பலகையை எடுத்தார். தரை வழுக்கும் என்று, ஒரு மனிதன் சறுக்கி விழும் படம் போட்டது. அதை வாசலுக்கு நடுவே வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் அந்தப்பக்கம் என்று கை காட்டினார். ஒருவர் ஏதோ சத்தம் போட்டார். அவருக்கும் அதே கை.

தரை காய்ந்துதான் கிடந்தது.

பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ தெரியாது. நான் முகம் கழுவி நிமிர்ந்தபோது, பக்கத்தில் துடைக்கும் தாள்கள் ஒரு கொத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சாம்பல் நிறக் காலணி. அதில் ஒன்றில் நாடாவுக்குப் பதிலாக வெள்ளைச் சணல் கட்டியிருந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விமானத்தில் என் கையைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ பணிப்பெண் விசாரித்தார். அடுத்த விமானத்துக்கு இருக்கும் நேரம் போதாது என்று அவருக்கே தெரிந்தது. தரையிறங்கியதும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: ஒரு பயணி தன் தாயின் இறுதிச் சடங்குக்குப் போகிறார், அவர் முதலில் இறங்கட்டும். நான் இருந்தது பின்வரிசை. விமானம் நின்றதும் என்ன நடக்கும் என்று பயணம் செய்த எல்லாருக்கும் தெரியும். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுவதற்குள் என் பெட்டியை யாரோ மேலிருந்து எடுத்துவிட்டார்கள். அது எனக்கு முன்னால், தலைகளுக்கு மேலே, கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணக் குடும்பமும் அங்கே இருந்தது. பாடிக்கொண்டிருந்த கிழவர் நான் கடக்கும்போது என் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார்.

அந்த இடைவழியில் நடக்கும்போதுதான் எனக்கு 216ஆம் பாட்டு புரிந்தது. ஒழிக்க, அவற்கு இடமே.

தெரிந்தவர்கள் அன்று அன்பு காட்டவில்லை என்று சொல்லமாட்டேன். தொலைபேசியை அணைத்து வைக்கும் அளவுக்குச் செய்திகள் வந்தன. ஆனால் தெரிந்தவர்களுக்கு என்ன சொல்வது என்ற பயம் இருக்கிறது. நல்ல சாவு, வயதாகிவிட்டது, கஷ்டப்படாமல் போனாள் என்று எதையாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்த அந்நியர்கள் யாரும் அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்கவில்லை. அந்த நேரத்துக்குத் தேவையானது ஒரு வாயில் எண்ணோ, ஒரு பெட்டியோ, சாத்திய ஒரு கதவோ, அதை மட்டும் பார்த்தார்கள்.

இத்தனை பேர் தள்ளிவிட்டும் நான் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டு வாசல் திறந்திருந்தது. என்னால் உள்ளே போக முடியவில்லை. பெட்டியோடு நின்றேன். தெரியாத ஒரு பையன் வந்து, “யார் வேணும்?” என்று கேட்டான். என் வீட்டு வாசலில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். போட்டோவில் பார்த்த முகம்தான் என்று தெரிந்துகொண்டு, “நீங்களா? உள்ளே வாங்க” என்றார். நள்ளிரவில் மூன்று முறை பொறுமையாகச் சொன்ன அதே குரல்.

அவர்கள்தான் அம்மாவைத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் நான் போன பிறகு குடிவந்தவர்கள். நான் யாரையெல்லாம் அந்நியர் என்று எண்ணினேனோ அவர்கள் யாரும் அம்மாவுக்கு அந்நியர் இல்லை. அங்கே அந்நியன் நான்தான்.

அந்தப் பெண்ணின் மகள், கல்லூரியில் படிப்பவள், மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “பாட்டி சொல்ல நான் எழுதுவேன் மாமா. நீங்க ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவீங்க இல்ல, அதுக்கு.” அம்மாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்திருக்கிறது. சொன்னதையே சொல்லி எனக்குத் தெரிந்துவிடப் போகிறதே என்று பயந்து, பேச வேண்டியதையெல்லாம் சனிக்கிழமை மாலையே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதி வைத்திருக்கிறாள். பேசி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரிக்குறி.

கடைசிப் பக்கத்தில் நாலு வரி இருந்தது.

முதுகுவலி எப்படி இருக்கிறது, கேட்க வேண்டும்.
மருந்து மாற்றியதைச் சொல்ல வேண்டாம்.
மாடியறைச் சாவி எங்கே இருக்கிறது, சொல்ல வேண்டும்.
எப்போது வருகிறாய் என்று கேட்கக்கூடாது.

நாலுக்கும் சரிக்குறி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கூடுதல் வேலை. அடுத்த வாரம் பேசுகிறேன் அம்மா என்று செய்தி அனுப்பியிருந்தேன்.

பக்கங்களைப் பின்னால் திருப்பினேன். மற்ற வரிகள் மாறின. கடைசி வரி எல்லாப் பக்கத்திலும் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் சரிக்குறியோடு இருந்தது.

என் புறங்கையில் 14 அப்போதும் அழியாமல் இருந்தது.

ஒன்பது நாள் இருந்தேன். ஐயாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், பொத்தியார் எங்கே நின்று கேட்டார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என தினமும் நினைத்தேன். ஏதோ ஒரு கையெழுத்து, ஏதோ ஓர் அலுவலகம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்து கிளம்பிவிட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றுதான் விமானம் ஏறினேன். நாம் எல்லாரும் அப்படிச் சொல்லித்தானே ஏறுகிறோம்.

போன மாதம் ஐயாவின் செய்தி வந்த அன்று, குழுவில் ஆளுக்கொரு நினைவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுதினான். “கதவோர இடத்தை விட்டு வைங்கடா என்று ஐயா எங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஏன் ஐயா என்று கேட்டால் ‘ஒழிக்க, அவற்கு இடமே’ என்பார். நாங்கள் பாட்டை மனப்பாடம் பண்ண வைக்கிறார் என்று நினைத்தோம். உனக்குத் தெரியும் என்றல்லவா இருந்தேன்?”

எனக்குத் தெரியாது. என் வீட்டு நிலைமையை யார் போய் அவரிடம் சொன்னார்கள் என்பதும் தெரியாது. இனிக் கேட்க ஆளில்லை.

ஐயாவின் மகளை நான் பார்த்ததில்லை. நண்பனிடம் எண் வாங்கி இரங்கல் எழுதினேன். என் பெயரையும் படித்த வருஷத்தையும் போட்டேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. தாமதமாக வந்த ஒரு பையனுக்கு உங்கள் அப்பா ஓர் இடம் விட்டு வைத்திருந்தார், அவரிடம் நன்றி சொல்ல நான் வரவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“பொத்தியார் அண்ணாவா?”