ஒரே பெயரில் மூன்று பேர்: ஒரு நூல்பட்டியலைப் பிரித்த அனுபவம்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாவலாசிரியரின் முழு நூல்பட்டியல். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஓர் இணைய நூலகப் பட்டியலில் அவர் பெயரைத் தட்டினால், நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகள், நடுவே தாவர நோயியல் பாடநூல்கள், அப்புறம் ஒரு பாடகரின் வாழ்க்கை வரலாறு என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. மேலே நாவலாசிரியரின் படமும் அவர் இறந்த ஆண்டும். கீழே, அந்த ஆண்டுக்குப் பிறகு முதல் பதிப்பு கண்ட பாடநூல்கள். இன்றும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பேராசிரியரை அந்தப் பக்கம் இறந்தவராக்கி வைத்திருந்தது. மனம் பொறுக்கவில்லை, கணக்கு ஒன்று தொடங்கித் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

புத்தகங்களில் அச்சாகும் ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அது பதிப்புக்கான எண், ஆளுக்கானது அல்ல. 2007-இல் 10 இலக்கம் 13 ஆனபோதும் அதில் ஆசிரியர் யார் என்பதற்கு இடமில்லை. ஆளுக்கென்று இருப்பது ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்க எண். பல நாடுகளின் தேசிய நூலகங்கள் வைத்திருக்கும் ஆசிரியர் பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் வியாஃப் என்ற தொகுப்பும் உண்டு. நாவலாசிரியர் அங்கே பிறந்த ஆண்டோடு இருந்தார். பேராசிரியருக்கு ஆர்கிட் எண் இருந்தது. அது ஆய்வாளர்கள் தாங்களே பதிந்து வாங்குவது, 2012-இல்தான் தொடங்கியது, அதனால் அதற்கு முன்பே மறைந்த எழுத்தாளர்களைத் தேட அது பயன்படாது. அதே பெயர் கொண்ட பாடகருக்கு இவற்றில் எதுவுமே இல்லை. ஏன் என்பது பிறகுதான் புரிந்தது.

எண்கள் கைவிட்ட இடத்தில் புத்தகமே பேசியது. பதிப்பு விவரப் பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், மறுபதிப்பு ஆண்டை நம்பாதீர்கள். முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் போட்டிருப்பார்கள், அந்த இரண்டு வரி பின்னட்டைக் குறிப்பைவிடப் பல மடங்கு உதவும். சமர்ப்பணம், பதிப்பகத்தின் பெயர், 'ஆசிரியரின் பிற நூல்கள்' என்ற பட்டியல் எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் சொன்ன பட்டியலை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுக வேண்டும், மறுபதிப்பு போடுகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்து அடுத்தவர் புத்தகத்தையும் அதில் சேர்த்துவிடுவது உண்டு.

தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து ஒரு தனிப் பாடு. தமிழில் ர., ரா., ரெ. என்று மூன்று தந்தையர் பெயர்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ரோமன் எழுத்தில் போட்டதும் மூன்றும் 'ஆர்' ஆகிவிடும். க., கா., கு. எல்லாம் 'கே'. இந்தக் குழப்பத்தில் பாதி அங்கே பிறந்ததுதான். இதற்கு நேர் எதிராக, ஒரே ஆளின் முன்னெழுத்து ஒரு நூலில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்ததால் நாவலாசிரியரே இரண்டு பக்கங்களாக உடைந்தும் கிடந்தார். நம் பழைய தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்! 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஊரையும் தந்தையையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். அப்படி அடையாளம் ஒட்டாமல் போன ஔவையார் விஷயத்தில், சங்கப் பாடல் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் பல நூற்றாண்டு இடைவெளி தாண்டி ஒரே பாட்டியாகிவிட்டார்கள்.

சரி, பாடகருக்கு வருவோம். அவர் ஒரு நூலும் எழுதவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். அட்டையில் அவர் பெயர் பெரிதாகவும் எழுதியவர் பெயர் சிறிதாகவும் இருந்ததால், பதிந்தவர் பெரியதை ஆசிரியர் கட்டத்தில் போட்டுவிட்டார். ஒருவர் எழுதிய நூலுக்கு அவர் பெயர் ஆசிரியர் கட்டத்தில் போக வேண்டும், ஒருவரைப் பற்றிய நூலுக்குப் பொருள் கட்டத்தில் போக வேண்டும், தன்வரலாறு என்றால் இரண்டிலும். எலிசபெத் டெய்லர் என்று தேடினால் இதே சிக்கல்தான்: 1912-இல் பிறந்த நாவலாசிரியர் எழுதிய நூல்களும், 1932-இல் பிறந்த நடிகையைப் பற்றிய நூல்களும் கலந்து வரும். வின்ஸ்டன் சர்ச்சில் கதை இன்னும் நல்லது. அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு நாவலாசிரியர் இருந்தார், 1871-இல் பிறந்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் 1899-இல் அவருக்குக் கடிதம் எழுதி, என் நூல்களில் நான் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று போட்டுக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே பேசித் தீர்த்துக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலை செய்தபோது நன்றாகப் புரிந்தது.

பிரிக்கும் வேலையில் ஒரு வரிசை முக்கியம். எதையும் அழிக்கக்கூடாது. முதலில் ஒவ்வொருவருக்கும் தனிப்பதிவு தொடங்கி, பிறந்த ஆண்டையோ துறையையோ பெயரோடு சேர்த்தேன். பிறகு நூல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஏன் நகர்த்துகிறேன் என்று திருத்தக் குறிப்பில் எழுதினேன்: 'முன்னுரைத் தேதி நாவலாசிரியர் மறைவுக்குப் பின்' என்கிற மாதிரி. உடைந்த பக்கங்களை இணைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இணைப்பது ஒரு சொடுக்கு, தவறாக இணைத்ததைப் பிரிப்பது மறுபடி முழு வேலை. யாருடையது என்று ஆதாரம் கிடைக்காத ஒரு கட்டுரைத் தொகுப்பும் ஒரு மொழிபெயர்ப்பும் இருந்தன. அவற்றை நாவலாசிரியர் கணக்கில் சேர்த்துவிடலாமே என்று இன்னொரு தன்னார்வலர் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. புகழ் பெற்றவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் இந்தப் பக்கத்தையே கெடுத்தது. அவை 'அடையாளம் உறுதியாகவில்லை' என்ற குறிப்போடு தனிப்பதிவில் இருக்கின்றன.

கடைசியாக மூன்று பக்கங்களின் தலையிலும், இதே பெயரில் இன்னும் இருவர் உண்டு என்று எழுதி ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தேன். புதுப் பதிப்புகளின் தகவல் அந்தப் பட்டியலுக்குத் தானாகவே வந்து, பெயர் பொருந்தும் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் இந்த வேலை ஒரேயடியாக முடிவதில்லை. அண்மையில் ஒரு நாவலின் மறுபதிப்பு பேராசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எடுத்து உரியவரிடம் சேர்த்துவிட்டேன்.